அயர்ன் டூ என்று ஒட்டிய பாட்டில்

இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் லேப் அசிஸ்டென்ட். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள் என்பது அங்கே யாருக்கும் நினைவிருக்காது. புதிதாக வந்த கெமிஸ்ட்ரி சார் பிளஸ் ஒன் வகுப்பில் Fe₂(SO₄)₃ என்று போர்டில் எழுதி, 'அயர்ன் டூ சல்ஃபேட்' என்றார். இரும்புக்குக் கீழே இரண்டு இருக்கிறதாம், அதனால் டூ. அருகில் போய் மெதுவாக, "சார், அது த்ரீ வரும்" என்றேன்.

"நீ பாட்டில் கழுவ வந்தவ. அதப் பாரு" என்றார், பிள்ளைகள் கேட்க. வகுப்பு சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர் அவர்.

அடுத்த வாரமே வாய்ப்பு வந்தது. கடற்காற்றில் எங்கள் லேபில் எந்த லேபிளும் தங்காது; வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஒட்டுவோம். பெயர்ப் பட்டியலை சார்தான் எழுதித் தந்தார். அதிலும் அதே அயர்ன் டூ. நான் வாயே திறக்கவில்லை. பட்டியலின் கீழே அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். நல்ல பேனாவாக எடுத்து, ஃபார்முலாவும் பெயருமாகக் குண்டு குண்டாக எழுதி ஒட்டி, பாட்டிலை அலமாரியில் கண்ணுக்கு நேராக வைத்தேன்.

மூன்று வாரம் காத்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி, வகுப்பு மொத்தமும் பார்க்க, அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தார். "யார் வச்ச பேரு இது?"

"இவங்கதான் எழுதினாங்க" என்று சார் என்னைக் கைகாட்டினார். நான் பட்டியலை நீட்டினேன். பிறகு யாரும் கேட்காமலே கணக்கையும் சொன்னேன். "ஒரு சல்ஃபேட்டுக்கு மைனஸ் ரெண்டு. மூணு சல்ஃபேட்டுக்கு ஆறு. அத ரெண்டு இரும்பும் பங்கு வச்சா ஆளுக்கு பிளஸ் மூணு. அயர்ன் த்ரீ சல்ஃபேட், சார்."

கெமிஸ்ட்ரி சார் முகம் செத்துப்போனது. ஆசைதீரப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அதிகாரி போனதும் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைத் திறந்து, பக்கம் பக்கமாக அடித்துத் திருத்தினார்கள். எல்லாம் என் லேபிளைப் பார்த்து எழுதியது. ஒருத்தி நிமிர்ந்து கேட்டாள். "அக்கா, தப்புன்னு தெரிஞ்சிட்டாக்கும் இப்டி எழுதுனிய?"

"ஆமா" என்றேன்.

அவள் குனிந்து அடுத்த 'டூ'வை அடித்தாள். அதற்குப் பிறகு நான் ஒட்டிய எந்தப் பெயரையும் அவள் புத்தகத்தில் பார்க்காமல் எழுதியதில்லை.