ஆளுக்கொரு பீங்கான்

இன்று புத்தளத்தில், எச்.ஐ.வி.யுடன் வாழும் இளையவர்களுக்கான கூட்டம் நடந்தது. வெளிநாட்டில் தயாரித்த கையேட்டைத் தமிழாக்கியது நான்தான்.

“சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது” என்ற பக்கத்தில், மேசையைச் சுற்றி ஒரு குடும்பம் சிரித்தபடி சாப்பிடுகிறது. ஆளுக்கொரு பீங்கான்.

ஒரு தங்கச்சி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், இதுல எச்.ஐ.வி. வருத்தக்காரர் யாரு?”

“யாரெண்டு தெரியக் கூடாதெண்டுதான் இப்பிடிப் படம் கீறியிருக்கு,” என்றேன், பெருமையாக.

“பெருநாளைக்கு எங்கட ஊட்டுல எல்லாரும் ஒரே சஹனச் சுத்தி இருந்து, அந்த ஒரு பெரிய தட்டுலயே கை போட்டுத்தான் சாப்பிடுவம். விசயம் தெரிஞ்சதுல இருந்து எனக்கு மட்டும் தனிப் பீங்கான். அப்பிடிப் பாத்தா, படத்துல எல்லாருமே வருத்தக்காரர்தான் மிஸ்.”

படத்தை மாற்றுகிறோம். ஒரே சஹன், ஐந்தாறு கைகள். வரையத் தெரிந்தவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.

கைகள் ஒன்றோடொன்று முட்டவேண்டுமாம். அது அவளுடைய நிபந்தனை.