மாடியில் வராத தாள்

எதையும் நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டவன் என்று எனக்கொரு பெருமை உண்டு. அந்தப் பெருமை செய்த வேலையைத்தான் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மூன்றிலும் லினக்ஸ் போட்டவன் நான். புதுப் பிரிண்டர் வாங்கிக் கீழ்க்கூடத்தில் வைத்து, எந்த அறையிலிருந்து கொடுத்தாலும் அதிலேயே அச்சாகும்படி செய்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணனுக்கு மாடியில் தனியாக ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. அவர் கம்ப்யூட்டரையும் அதிலிருந்து மாற்றிப் புதியதோடு இணைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, டீச்சரான மதினி கூடத்தில் வினாத்தாள் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் வேறொரு தாள் வந்தது. பின்னாலேயே அதே தாள் இன்னும் இரண்டு. அண்ணனின் பரிசோதனை முடிவு. நுரையீரலில் புற்றுநோய், முற்றிய நிலை.

மாடியிலிருந்து அண்ணன் கேட்டார்: "ஏலே, மூணு தடவ கொடுத்துட்டேன். இங்கன ஒண்ணும் வரலயே?"

அவரே இறங்கி வந்தார்.

மதினி அழவில்லை. "மூணு எடுத்திருக்கிய. எனக்கு ஒண்ணு தந்திருக்கலாம்லா," என்றார்.

அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏளா, மவ கல்யாணம் முடியட்டும்னுதான் இருந்தேன்."

கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். அண்ணன் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை.

மதினி இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மாடிப் பிரிண்டரில் அண்ணன் அன்று வைத்த வெள்ளைத் தாள்கள் அப்படியே இருக்கின்றன. இனிமேல் கீழேதான் அச்சாகும் என்று அன்றைக்கே அண்ணனிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.