கதவுக்கு வெளியே அம்மா

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். விடிவதற்கு முன் கிளம்பும் முதல் வண்டி எப்போதும் அவளுக்குத்தான். யாரும் அவள் தலையில் கட்டவில்லை, அவளாகவே கேட்டு வாங்கியது. அந்த நாளில் மகள் பாப்பா பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தாள். நல்ல நினைப்புதான். மதிய ஓட்டுநர் யாராவது வராவிட்டால் அந்த வண்டியும் தன்னிடமே வரும் என்பதை மட்டும் மறந்துவிட்டாள். அத்தான் போன பிறகு பாப்பா பாதி நாள் என் வீட்டில்தான் வளர்ந்தாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறாள். அங்கே வருடத்துக்கு ஒரு நாள் மாணவர்கள் தாங்கள் செய்த ஆராய்ச்சி, படம், பாட்டு எல்லாவற்றையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் விளக்குவார்கள். "அம்மா வந்தே ஆகணும் சித்தி" என்று என் உயிரை வாங்கினாள். அக்காவும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி எத்தனை பள்ளி விழாக்களில் அவளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருக்கிறேன்!

அன்றும் அதே கதை. மாற்று ஓட்டுநருக்குக் காய்ச்சலாம். "நீ போய் இருடி, இடைவேளையில நான் ஓடி வந்துடறேன்" என்று போனில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தில் ஒரு பக்கம் கொசு முட்டை ஆராய்ச்சி, இன்னொரு பக்கம் பழைய துணியில் தைத்த நாடக உடைகள். நடுவில் பாப்பாவின் மேசையில் ஒரு ஹெட்போன். எதிரே இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்றில் யாரையும் உட்கார விடவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"கேட்டுட்டுத் திட்டு சித்தி."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அக்கா வீட்டுக் காலை நேரத்தைப் பதிவு செய்திருந்தாள். குழாய்த் தண்ணீர் கொட்டியது. தம்ளரில் கரண்டி தட்டியது. சாவிக்கொத்து குலுங்கியது. அவளுடைய கனத்த ஷூ நடந்து வந்து நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

"ஏய், உன் மெஷின் நின்னுபோச்சு."

"மெஷின் நிக்கல சித்தி. அம்மாதான் நிக்கிறா. என் ரூம் கதவுக்கு வெளிய."

ஷூ மறுபடி நடந்தது. வாசல் கதவை மெல்லச் சாத்தும் சத்தத்தோடு முடிந்தது.

"தினமும் வந்து நிப்பா. என்னை எழுப்பிடுவோமோன்னு பயம், உள்ள வரமாட்டா. நான் முழிச்சுத்தான் கிடப்பேன், இன்னைக்காவது வரமாட்டாளான்னு."

சொல்லிவிட்டு அடுத்து வந்தவருக்கு ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்தாள். அன்று முழுக்க அவள் கண் வாசலிலேயே இருந்தது.

கூடம் காலியாகும் நேரத்தில் அக்கா சீருடையோடு மூச்சு வாங்க வந்தாள். கொசுப் பையன் அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். "கோச்சுக்காதடி கண்ணு" என்றாள். பாப்பா அவளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள்.

அக்கா முதலில் சிரித்தாள். "அட, நம்ம வீட்டுக் குழாய்!" ஷூ நின்ற இடம் வந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. மெஷின் நின்றுவிட்டதா என்று அவள் கேட்கவே இல்லை.

"நீ தூங்கலையா அப்ப?"

"இல்லம்மா."

"ஒரு நாள் கூப்பிட்டிருக்கலாமேடி."

"கூப்பிட்டா உனக்கு வண்டிக்கு நேரமாயிடும்."

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், பாழாய்ப்போன பழக்கம். "வரேன்டி" என்று எழுந்து போனவள், வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அப்படியே நின்றாள். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"அம்மா" என்று பாப்பா கூப்பிட்டாள்.

அக்கா ஓடி வந்தாள். "வண்டிக்கு நேரமாச்சுக்கா" என்று நான்தான், புத்தி கெட்டவள், சொல்லித் தொலைத்தேன். நல்லவேளை, இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை.