பம்புகளில் எழுதியிருந்த ஐரோப்பா

குவைத்தின் மங்காஃபில் நாங்கள் இருந்த நாலாவது மாடி ஃபிளாட்டில்தான் நான் ஐரோப்பிய வரலாறு படித்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஊரில் தாவரவியல் படித்தவள். பக்கத்து இந்தியப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இராக்கில் போர் வரும் என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்ட குளிர்காலம் அது. ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தவர் ஒரு புதன்கிழமை தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். பிரின்சிபல் மேடம் என் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்.

“சாட்டர்டேல இருந்து நீங்க எடுங்க. எனக்கு வேற ஆள் இல்ல.”

நடுவில் நின்ற பாடம், தேசியவாதமும் தொழிற்சாலைகளும் வல்லரசுகளின் அரசியலை எப்படி மாற்றின என்பது. வியாழக்கிழமை காலையிலிருந்து வாசித்தேன். துண்டு துண்டாகக் கிடந்த ஜெர்மன் நாடுகளைப் பிரஷ்யா ரயிலாலும் போராலும் ஒன்றாக்கியது. பிரான்சிடமிருந்து அல்சேஸ்-லொரைனைப் பிடுங்கியது. இங்கிலாந்து கவலைப்பட ஆரம்பித்தது. வரிகள் புரிந்தன, காரணம் புரியவில்லை. மத்தியானம் என் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். ரிஃபைனரியில் பம்பு ஃபிட்டர். தூத்துக்குடியில் ஐடிஐ படித்துவிட்டு நேரே இங்கே வந்தவர்.

“என்ன பிள்ள, மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு?”

சொன்னேன். “ஜெர்மனி ஒண்ணா சேந்தா இங்கிலாந்துக்கு என்னங்க நட்டம்? அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போறாங்க.”

அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். “எங்க பிளான்ட்ல மூலைல பாரம் தூக்குற பழைய ஹாய்ஸ்ட் ஒண்ணு கெடக்கு, பாத்துக்க. அதுல இங்கிலாந்துல செஞ்சதுன்னு தகடு அடிச்சிருக்கும். பொறவு வந்த பம்புல பாத்தா ஜெர்மன்காரன் தகடு. கம்ப்ரசர் ஜப்பான். ஒரு காலத்துல உலகத்துல எவனுக்கு மெஷின் வேணும்னாலும் இங்கிலாந்துக்காரன்கிட்டதான் போவணும். திடீர்னு பக்கத்துத் தெருவுல ஒருத்தன் அதைவிட நல்ல கடை போட்டா எப்பிடி இருக்கும்?”

“வயித்தெரிச்சலா இருக்கும்.”

“அந்தக் கடைக்காரன் பீரங்கியும் செய்வான்னா?”

நான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் ஒரு வேலை செய்தார். பழைய பெர்மிட் தாளின் பின்பக்கத்தில், தன் யூனிட்டில் இருந்த இயந்திரங்களின் தகடுகளில் என்ன நாடு எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை வகுப்பில் பலகை மேல் ஒட்டினேன். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள். வகுப்பில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஒருத்தி எழுந்து ஆங்கிலத்திலேயே கேட்டாள், “மிஸ், இந்த நாட்டுக்காரங்களுக்கெல்லாம் அப்போ குவைத்ல என்ன வேலை?”

அன்று சாயங்காலம் நூலகத்தில் தேடி, மறுநாள் பதில் சொன்னேன். இங்கிலாந்தும் ஜெர்மனியும் போட்டி போட்டுப் போர்க்கப்பல் கட்டின. நிலக்கரியில் ஓடிய கப்பலைவிட எண்ணெயில் ஓடும் கப்பல் வேகம். நிலக்கரி இங்கிலாந்தின் சொந்த மண்ணிலேயே இருந்தது, எண்ணெய் இல்லை. அதனால் இந்தக் கடற்கரைப் பக்கம் அவர்கள் கண் இன்னும் அதிகமாகத் திரும்பியது. சொல்லி முடித்தபோது வகுப்பே ஜன்னலைப் பார்த்தது. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ரிஃபைனரியின் நெருப்பு தெரியும்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் பாடக் கதையைத் தினமும் கேட்பார். ஒருநாள் ஜெர்மானிய தேசம் பிறந்ததை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே மொழி, ஒரே கொடி, தெருவெல்லாம் பாட்டு. அக்கா பயற்றங்காய் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

“அது சரி தங்கச்சி. பிரான்சிட்டப் பிடிச்ச அந்த ஊரில பிரெஞ்சு கதைச்ச சனம் இருந்திருக்குமெல்லோ? அவையின்ர பிள்ளையள் பள்ளிக்கூடத்தில என்ன பாஷையில படிச்சதுகள் எண்டு போட்டிருக்கோ?”

புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை.

“போடமாட்டினம்” என்றார் அக்கா. கோபமே இல்லாத குரல். பயற்றங்காயின் நாரை உரித்துத் தட்டில் போட்டார். அவர் வீடு எரிந்ததை ஒரே ஒரு முறை, அதுவும் வேறு பேச்சின் நடுவில் சொல்லியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அந்தக் கேள்வியை அப்படியே வகுப்பில் கேட்டேன். பிள்ளைகள் வெகுநேரம் பேசினார்கள்.

பிப்ரவரியில் என் கணவர் ஏர் டிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் பிரிவில் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“நீ ஊருக்குப் போயிரு பிள்ள. எல்லாம் அடங்குனப்பொறவு வா.”

“பாடம் பாதில நிக்கி.”

“பாடமா இப்பம் முக்கியம்?”

“முக்கியம்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். பாடம் ஒரு சாக்கு என்று அவருக்குத் தெரியும். அவரை அங்கே விட்டுவிட்டு என்னால் விமானம் ஏற முடியாது என்பதை எங்கள் இருவராலும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் பிளாஸ்டிக் தாளும் அகலமான டேப்பும் வாங்கிவந்து, விஷவாயு உள்ளே வராதபடி படுக்கையறை ஜன்னலை மூடினார். டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்; எந்தக் குழாய்க்கும் அவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கமாட்டார்.

மார்ச்சில் சைரன் ஊதத் தொடங்கியது. பள்ளியை மூடினார்கள். என் கணவரை ரிஃபைனரியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். சைரன் கேட்டதும் யாழ்ப்பாணத்து அக்கா தலையணையோடு என் அறைக்கு வந்துவிடுவார். கதவுக்கடியில் ஈரத் துண்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் எங்கோ ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. அக்கா என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “இது தூரத்தில. எனக்குச் சத்தம் தெரியும்” என்றார்.

பள்ளி திரும்பத் திறந்தது, பாடத்தையும் முடித்தேன், அடுத்த வருடம் சமூக அறிவியலே என் பாடம் ஆனது. ஆனால் அந்த வாரங்களை நினைத்தால் முதலில் வருவது என் கணவர் வீடு திரும்பிய மத்தியானம்தான். பதினோரு நாள் கழித்து, தாடியோடு, இடுப்பில் முகமூடிப் பையோடு வாசலில் நின்றார். நான் சுடுதண்ணீர் வைத்தேன். குளித்துவிட்டு வந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட உட்கார்ந்தார்.

“அந்தப் பாடம் என்ன ஆச்சி? அந்த நாடெல்லாம் கடைசில சண்டை போட்டுச்சா?”

“போட்டுச்சி.”

“சொல்லு.”

சொன்னேன். தன் இளவரசன் சுடப்பட்டதற்காக ஆஸ்திரியா செர்பியா மேல் பாய்ந்ததை, செர்பியாவுக்காக ரஷ்யா வந்ததை, ரஷ்யாவுக்கு எதிராக ஜெர்மனி கிளம்பியதை, ஒவ்வொரு நாடும் தன்னைக் காப்பதாகவே நம்பியதை. தையல் மெஷின் போல ஓயாமல் சுடுகிற துப்பாக்கிகளை, குழிகளில் வருஷக்கணக்கில் கிடந்த பையன்களை.

“வீட்டுக்கு வந்தானுவளா?”

“கொஞ்சப் பேரு.”

அவர் தலையசைத்தார். சோற்றைப் பிசைந்தார், நான் மேலே சொன்னேன். அமெரிக்கா போருக்குள் வந்த இடத்துக்கு நான் போனபோது சுவரில் தலை சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார், எச்சில் கையோடு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டேன். அவர் விழிக்கவில்லை.