ஓலைக்கு அடியில் கறுப்பு மணிகள்

தோப்பு கறுத்துப்போச்சு என்று தம்பி போனில் சொன்னபோது நான் சிம்மக்கல்லில் இருந்தேன். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ஓலை காய்ந்துவிட்டது என்றால் புரியும். கறுத்துவிட்டது என்றால் என்னவென்று விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

எங்களுடையது சின்னத் தோப்பு, அறுபது தென்னை. அப்பா வாலிபத்தில் பக்கத்துத் தோப்பில் கூலிக்கு மட்டை இழுத்தவர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் யார் பெயரிலும் நிலம் இருந்ததில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் அவரே குழி வெட்டினார்.

ஓலைகளின் மேற்புறம் அடுப்புக் கரி பூசியதுபோல இருந்தது. அடிப்புறம் மாவு தெளித்த மாதிரி வெள்ளை. கீழே நின்ற வாழைகளிலும் கரி படிந்து, தொட்டால் கை பிசுபிசுத்தது. அந்தப் பிசினைத் தேடி எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மட்டையை அசைத்தால் வெள்ளை ஈக்கள் புகைபோலக் கிளம்பின. அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி மனைவி சொன்னாள்.

தம்பி ஏற்கெனவே மூன்று மரங்களுக்கு மருந்து அடித்துப் பார்த்திருந்தான். ஒரு வாரம் குறைந்த ஈ, பிறகு முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது.

"இன்னும் வீரியமான மருந்தாப் பாத்து அடிச்சா அம்புட்டும் செத்துரும்க்கா. அடுத்த ஞாயித்துக்கெழம ஸ்பிரேயர்காரர் வாரேன்னு சொல்லிட்டாரு" என்றான்.

அதற்குள் லேபில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மருந்து அடித்த மரத்தில் ஒரு துண்டு, அடிக்காத மரத்தில் ஒரு துண்டு ஓலை வெட்டி, தனித்தனி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் மதியம் லேபில் கூட்டம் குறைந்ததும் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். ஓலை வழியாக வெளிச்சம் வராததால் செல்போன் டார்ச்சை மேலிருந்து அடித்துப் பார்த்தேன். மருந்து அடித்த துண்டில் ஈயின் குஞ்சுகள் மெழுகு போர்த்தி, மஞ்சள் செதில்களாக ஒட்டிக்கிடந்தன. மருந்து படாத துண்டிலோ, அவற்றுக்கு நடுவே பளபளப்பான கறுப்பு மணிகள் இருந்தன. சிலவற்றில் ஊசியால் குத்தியதுபோல வட்டமாக ஓட்டை. இது இன்னொரு நோய் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதைப் படம் பிடித்து வட்டாரத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பினேன். தம்பிதான் அவர் எண்ணைக் கொடுத்திருந்தான். சாயங்காலம் அவரே அழைத்தார்.

"மருந்து அடிச்சிட்டீங்களாம்மா?"

"மூணு மரத்துக்கு மட்டும் மேடம்."

"அதோட நிறுத்திருங்க. அந்தக் கறுப்பு மணியெல்லாம் நோய் இல்ல. ஒரு பொடிக் குளவி, ஈயோட குஞ்சுல முட்டை வச்சிருக்கு. உள்ள பொரிக்கிற புழு அந்தக் குஞ்சைத் தின்னு வளந்து, ஓட்டை போட்டு குளவியா வெளிய வந்துரும். உங்க தோப்புக்கு வர வேண்டிய ஆள் வந்தாச்சு."

ஈ ஓலைக்கு அடியில் மெழுகுக்குள் தப்பித்துக்கொள்ளும், மருந்தில் முதலில் சாவது குளவிதான் என்று அவர் விளக்கினார். ஓலையின் அடிப்புறம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். மேலே படிந்த கரி, ஈ கழிக்கும் பிசினில் வளரும் பூஞ்சை; அதற்கு மைதாக் கஞ்சி தெளிக்க வேண்டும். கறுப்பு மணி உள்ள ஓலைத் துண்டுகளை மற்ற மரங்களில் குத்திவிட வேண்டும்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஊரே சிரிக்கும் என்று கோபமாகப் போனை வைத்துவிட்டான். மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். ஸ்பிரேயர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அப்பா அவனிடம் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்: "அவ கண்ணால பாத்துட்டுச் சொல்றாப்பா."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நான் சொன்னது தப்பாகிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை தம்பி ஏணி வைத்து ஏற, நானும் அவன் மனைவியும் ஓலைத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தோம். மருந்து அடித்த மூன்று மரங்களில்தான் முதலில் குத்தினோம். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த மைதாக் கஞ்சி மட்டும் அப்பளம்போலப் பெயர்ந்து, கரியையும் உரித்துக்கொண்டு விழுந்தது. அடியில் பச்சை தெரிந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். மருந்து அடித்த மரத்தின் ஓலை. அதன் அடியில் மஞ்சளைவிடக் கறுப்பு அதிகமாக இருந்தது. லேபில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஐப்பசி மழை மிச்சக் கரியையும் கழுவியது. அப்போதுதான் பக்கத்துத் தோப்புக்காரர் வேலி ஓரம் வந்தாராம். அவர் இரண்டு முறை மருந்து அடித்தும் ஈ போகவில்லை. அவர் வீட்டில் அப்பாவை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு, "அண்ணே, அந்த ஓலையில கொஞ்சம் வேணும்ணே" என்றிருக்கிறார். அப்பா, மணி நெருக்கமாக இருந்த ஓலைகளாகப் பார்த்து வெட்டச் சொல்லி ஒரு சாக்கு நிறையக் கொடுத்தாராம். தம்பி போனில் இதை இரண்டு முறை சொன்னான்.

பொங்கல் முடிந்து நான் போனபோது குருத்தோலைகள் கறையில்லாமல் விரிந்திருந்தன. அந்த வெட்டுக்குக் காய் குறைவுதான், ஆனால் ஒரு மரமும் போகவில்லை. ஓலைகளைத் திருப்பிப் பார்த்தால் அங்கங்கே வெள்ளை ஈ இன்னும் இருந்தது. முழுசாகப் போகாது, போகவும் கூடாது, குளவிக்கும் சாப்பாடு வேண்டுமில்லையா என்று அலுவலர் சொல்லியிருந்தார். நான் அவற்றைத் தொடாமல் ஓலையை விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வந்திருந்தது.