கடைசி பஸ்ஸுக்கு முன் ஒரு பாட்டு

என் தம்பி ராப் பாடுகிறவன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அதைப் பாட்டு என்று ஒப்புக்கொண்ட பெரியவர்கள் குறைவு. வீட்டுக்குள் பாடிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "யாரோட சண்டை?" என்று கேட்பார். நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒருமுறை போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டியபோது அம்மாவே பயந்துபோய், "ஏன்யா இம்புட்டுக் கோவம்?" என்றாள்.

அதன் பிறகுதான் அவளுக்கென்றே ஒரு பாட்டு எழுதினான். மழையில் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்க மலையேறும் ஒருத்தியைப் பற்றியது. அதைப் போனில் கேட்கவிடவில்லை. மேடையில், பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமாம். அதற்குள் கொழும்புத் துணிக்கடை ஒன்றில் அவனுக்கு வேலை சொல்லியாகிவிட்டது. போவதற்கு முந்திய ஞாயிறு, ஹட்டன் மண்டபத்தில் உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வந்தது.

"அம்மா ஒரு தடவ கேட்டுட்டா போதும்க்கா. அப்புறம் காலம் பூரா துணி மடிக்கிறேன்" என்றான்.

அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையில் வந்தாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவன் வரிகள் அவர்களுக்கு மனப்பாடம். முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்தியவருக்கே இன்னொருவர் வந்து போர்த்தினார். கடைசியாகப் பிரதம விருந்தினர், மலையக இளைஞர்களின் திறமைக்கு மேடை கிடைக்காத கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மேடையை விட்டு இறங்கவேயில்லை. ஓரத்தில் தம்பி தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றான். 

எங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் இருட்டுவதற்கு முன்பே போய்விடும். அதை விட்டால் வேறு வழியில்லை, விடிந்தால் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாங்களும் எழுந்தோம். தம்பி பார்த்துவிட்டு, போங்க என்று கையைக் காட்டினான். மண்டபத்துக்கு எதிரே நின்ற பஸ் கிளம்பும்வரை அம்மா ஜன்னலில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். விருந்தினரின் குரல்தான் கேட்டது. 

தம்பி அன்று ஹட்டனிலேயே தங்கிவிட்டான். மறுநாள் அவனுக்கு பீட் போடும் கூட்டாளி எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நன்றியுரை முடிஞ்சதும் மண்டபத்த பூட்டணும்னுட்டாங்க. அவன் மைக்கையே தொடல."

அம்மா அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் தம்பி வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அம்மா முந்திக்கொண்டாள்.

"பஸ்ஸு கெளம்புறப்ப ஒம்பாட்டு கேட்டுச்சுய்யா. நல்லா இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"சத்தம் பத்துச்சாம்மா?"

"பத்துச்சுய்யா. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக் கேட்டுச்சு."

அந்த வாரமே அவன் கொழும்புக்குப் போய்விட்டான். போவதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரர் தட்டினால் தட்டட்டும் என்று, அவளை உட்காரவைத்து ஒருமுறை பாடிக் காட்டியிருக்கலாம். ஆனால் எப்படிப் பாடுவான்? அம்மாதான் கேட்டுவிட்டாளே.