சுக்கான் ஆடுகிறது

புதுச்சேரி விமான நிலையத்தில் பெங்களூரு விமானம் கிளம்பாமல் நிற்கிறது. வாலில் இருக்கும் சுக்கானைக் கட்டாயம் சோதித்த பிறகுதான் பறக்கலாமாம். டை கட்டிய ஒருவர் கவுன்ட்டரில் கத்திக்கொண்டே இருக்கிறார்.

என் பக்கத்தில் கனகசெட்டிக்குளத்து மீனவர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கிறார். அவருக்கு இதுதான் முதல் விமானம்.

"சுக்கான ஆட்டிப் பாக்காம நாங்களே போட்டக் கடல்ல எறக்க மாட்டோம் சார். இது ஆகாசமாச்சே!"

சுக்கான் இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் திரும்புகிறது. "இன்னொரு வாட்டி ஆட்டுப்பா!" என்று அவர் கூவுகிறார். அது மறுபடியும் ஆடுகிறது! கூடமே கைதட்டுகிறது. இந்த வயதில் நான் விசிலடிக்கிறேன்.

ஏறும்போது, படகைத் தொடுவதுபோல் அவர் விமானத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நானும் தொடுகிறேன். திரும்பிப் பார்த்தால், டை கட்டியவர் இரண்டு கையாலும் ஒற்றிக்கொண்டிருக்கிறார்.